கடற்கரை ஊரில் கார் வீலுக்கு எந்த பாலிஷ்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை, தினமும் காரில் போய்வரும் ஒருவர் கேட்டது இது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹேட்ச்பேக்கில் பாதி வெள்ளியும் பாதி கறுப்புமாக அலாய் வீல்கள், அதாவது அலுமினியக் கலவையில் வார்த்த வீல்கள். வெள்ளி நிறப் பகுதியில் கொஞ்ச நாளாகப் புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் பரவுகின்றன. வீட்டில் அப்பாவின் பழைய அம்பாசடர் ஒன்றும் நிற்கிறது. அதன் குரோம் வீல் கப்பில் பழுப்புப் புள்ளிகள். கடையில் கேட்டு ஒரு டியூப் மெட்டல் பாலிஷ் வாங்கி வைத்திருக்கிறார். வாட்டர் சர்வீஸ்காரரோ, "லைட்டா ஆசிட் போட்டுத் தேய்ச்சா புதுசாயிடும் சார்" என்கிறார். இரண்டு காருக்கும் அந்த ஒரே பாலிஷ் போதுமா, ஆசிட் போடலாமா என்பது கேள்வி.

ஆசிட் வேண்டவே வேண்டாம். அந்த டியூபும் உங்கள் அலாய் வீலுக்கு ஆகாது. அம்பாசடர் கப்புக்கு ஆகலாம், அதுவும் பார்த்துப் போட வேண்டும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நாம் பாலிஷ் போடுவது வீலுக்கு அல்ல. அதன் மேல் கடைசியாக எந்தப் பூச்சு இருக்கிறதோ அதற்கு. இன்று ரோட்டில் ஓடும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றில் உங்கள் துணி அலுமினியத்தைத் தொடுவதே இல்லை. கம்பெனியிலேயே பிரைமர், அதன்மேல் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று அடித்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தக் கிளியர் கோட்டின் தடிமன் ஏறத்தாழ 50 மைக்ரான், தலைமுடியின் பருமன்கூடக் கிடையாது. மெட்டல் பாலிஷ் என்பது வெறும் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைச் சுரண்டி எடுப்பதற்காகச் செய்தது. அதைக் கிளியர் கோட்டின் மேல் போட்டுத் தேய்த்தால் சுரண்டப்படுவது உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் அந்தப் படலம்தான். அன்றைக்குப் பளபளப்பாகக்கூடத் தெரியும். திரும்பத் திரும்பத் தேய்த்து ஒரு இடத்தில் படலம் போய்விட்டால், அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே முதலில் மேலே இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். வீலை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வந்து வைத்துப் பாருங்கள். விறைப்பாக ஒட்டினால் இரும்பு வீல். ஒட்டாவிட்டால் அலாய், அல்லது மேலே மாட்டிய பிளாஸ்டிக் கப். அடுத்து, வெள்ளைப் பனியன் துணியில் பயறு அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து, ஸ்போக்கின் உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில் லேசாகத் தேயுங்கள். துணி சில நொடிகளிலேயே கன்னங்கரேலென்று ஆனால் அது பூச்சில்லாத வெறும் அலுமினியம். வீலின் நிறமே துணியில் வந்தால், கிளியர் இல்லாமல் பெயின்ட் மட்டும் அடித்த வீல். எதுவும் வராவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: ஸ்போக்கின் உள்பக்கமும் முகப்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. முகப்பை மட்டும் பாலிஷ் செய்து, உள்பக்கம் பெயின்ட் அடித்த வீல்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் முகப்பிலேயே நட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளலாம்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அதை 'பீப்' அடிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் கீறாமல் லேசாக வீலின் முகப்பில் வையுங்கள். பீப் அடித்தால் வெறும் உலோகமோ குரோமோ வெளியே தெரிகிறது. அடிக்காவிட்டால் நடுவில் மின்சாரம் கடத்தாத படலம் ஒன்று இருக்கிறது: கிளியர் கோட், பெயின்ட், அல்லது அனோடைஸ் (மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேலேயே கெட்டியாக வளர்த்த ஆக்சைடு படலம்). எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்களுக்கு இது சாதாரண விஷயம்; ஏனோ கார் கழுவும் இடங்களில் யாரும் செய்வதில்லை.

உங்கள் ஹேட்ச்பேக் வீலின் வெள்ளி நிறப் பகுதியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மையத்தைச் சுற்றிச் சுற்றி மயிரிழை வரிகள் தெரிந்து, கோணம் மாற்றினால் வானவில் நிறம் ஓடினால் அது டைமண்ட் கட். அதாவது முழுவதும் பெயின்ட் அடித்த வீலை லேத்தில் மாட்டி முகப்பை மட்டும் சீவி, அலுமினியம் பளிச்சென்று தெரியும்படி விட்டு, அதன்மேல் கிளியர் மட்டும் அடித்தது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அநேகமாக இதுதான்.

இதற்குப் போகுமுன் கழுவுவதைப் பற்றிப் பேச வேண்டும். பாதிப்பேர் பாலிஷ் தேடுவதே சரியாகக் கழுவாததால்தான். ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போகும் உங்கள் ரோடு கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே போகிறது. காற்றில் வரும் உப்பு வீலில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பகலில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் இரவில் மறுபடி நசநசக்கும். அப்புறம் பிரேக் தூள். அரியாங்குப்பம் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் அடிக்கு ஒரு பிரேக். டிஸ்க்கும் பேடும் தேய்ந்து விழும் இரும்புத் துகள் சூடாகவே வீலில் ஒட்டிக் கிளியர் கோட்டுக்குள் பதிந்துவிடும். முன் வீல் மட்டும் சீக்கிரம் கறுத்துப் பின் வீல் ஓரளவு சுத்தமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். முன்பக்கம்தான் பிரேக்கின் பெரும்பாரத்தைச் சுமக்கிறது. பல சின்னக் கார்களில் பின்னால் டிரம் பிரேக், தூள் பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

அலாய் வீலில் பழுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு "வீல் துருப்பிடிச்சுடுச்சு" என்பார்கள். அலுமினியம் பழுப்பாகத் துருப்பிடிக்காது. பழுப்பாக இருந்தால் அது பிரேக்கிலிருந்து வந்து ஒட்டிய இரும்பு. வெள்ளையாகப் பூத்தால்தான் அலுமினியம் அரிக்கிறது என்று அர்த்தம். முன்னது கழுவினால் போகும், பின்னது போகாது. வைத்தியம் இரண்டுக்கும் வேறு வேறு.

வண்டி ஓட்டி வந்த கையோடு தண்ணீர் அடிக்காதீர்கள். டிஸ்க்கைத் தொடமுடியாத சூட்டில் குளிர்ந்த தண்ணீர் படுவது டிஸ்க்குக்கும் நல்லதல்ல. சூடான வீலில் ஷாம்பூ அப்படியே காய்ந்து திட்டாகிவிடும். காலையில், நிழலில், வீல் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். முதலில் வெறும் தண்ணீரைப் பலமாக அடித்து மணலைப் போக்க வேண்டும். மணல் இருக்கும்போது துணி வைத்துத் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். அப்புறம் கார் ஷாம்பூ, வீலுக்கென்று தனி வாளி, தனித் துணி, மிருதுவான பிரஷ். தேங்காய் நார், கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர் மூன்றும் அந்தப் பக்கமே வரக்கூடாது. கம்பி நாரில் இன்னொரு வம்பு: அதிலிருந்து உதிரும் இரும்புத் தூள் வீலில் தங்கி, தானே துருப்பிடித்துப் புள்ளி போடும்.

ஷாம்பூவுக்குப் போகாத பழுப்புப் புள்ளிக்கு அயர்ன் ரிமூவர் என்று ஸ்பிரே பாட்டிலில் விற்கிறார்கள். அடித்தால் இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். முட்டை அழுகிய வாடை அடிக்கும், அது அந்த மருந்தின் இயல்பு. மூன்று நான்கு நிமிடம் விட்டு, காயவிடாமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தார்ப்புள்ளி இருந்தால் தார் ரிமூவரைத் துணியில் நனைத்து அதன்மேல் கொஞ்ச நேரம் ஒத்தி வைத்து வழித்தெடுங்கள், பிறகு ஷாம்பூவில் ஒரு முறை கழுவிவிடுங்கள். கத்தி முனையால் சுரண்ட வேண்டாம்.

கடைசியில் அலசும் தண்ணீர் எது என்பதும் முக்கியம். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாகத்தான் வருகிறது. அது வீலிலேயே காய்ந்தால் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு விழும். அதைப் பார்த்துத்தான் பலர் "பாலிஷ் மங்கிவிட்டது" என்று நினைக்கிறார்கள். வீணாக்க மனமில்லாமல் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துக் கார் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. வாசல் கழுவ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாகக் கிடையாது, ஒரு பக்கெட் பிடித்து வைத்தால் நான்கு வீலின் கடைசி அலசலுக்கு ஆகும். எந்தத் தண்ணீரானாலும் தானாகக் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே விழுந்த திட்டுக்கு, சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் தொட்டு ஒரு நிமிடம் ஒத்தி வைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். இது கிளியர் கோட் வீலுக்கு மட்டும்.

இனி ஆசிட். வாட்டர் சர்வீஸில் வீலுக்குப் பிளாஸ்டிக் கேனில் வைத்திருப்பது பெரும்பாலும் பெயர் எழுதாத ஏதோ ஒரு அமிலம். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் என்றால் அது அலுமினியத்தைக் கண்ட இடத்தில் நுரைத்துத் தின்னும். கிளியர் கோட்டில் ஒரு கல் பட்ட ஓட்டை இருந்தால் போதும், அதன் வழியாக உள்ளே இறங்கிவிடும். குரோமாக இருந்தால் அடியிலிருக்கும் நிக்கல்வரை போகும். வீல் நட்டிலும் டிஸ்க்கிலும் வழிந்து துருவைக் கிளப்பும். இதைவிட மோசமானது ஹைட்ரோபுளோரிக் சேர்ந்த வீல் கிளீனர்கள். அது தோலில் பட்டால் உடனே எரியாமல்கூட இருக்கலாம், உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கும். வெறுங்கையோடு அதைத் தேய்க்கும் பையனை நினைத்தாவது மறுத்துவிடுங்கள். காஸ்டிக் சோடா கலந்த கடும் டிகிரீஸரும் அலுமினியத்துக்கு ஆகாது. வீட்டில் அலுமினியச் சட்டியைச் சோடாவில் ஊறவைத்தால் கறுப்பது இதனால்தான். புளி, எலுமிச்சை எல்லாம் குத்துவிளக்குக்குச் சரி.

சரி, வீல் சுத்தமாகிவிட்டது. முழுவதும் பெயின்ட் அடித்துக் கிளியர் போட்ட சாதாரண அலாய் வீலாக இருந்தால், அதைக் காரின் கதவைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டால் போதும். பெயின்டுக்கான நைஸ் பாலிஷ், ஸ்பாஞ்ச் பேட், கையாலேயே தேய்க்கலாம். ரப்பிங் காம்பவுண்ட் வேண்டாம், அது கரடு. ட்ரில் மெஷினில் மாட்டும் பஞ்சு உருண்டையைக் கடைக்காரர் காட்டுவார். ஸ்போக்கின் ஓரங்களில் கிளியர் மெல்லியதாகத்தான் நிற்கும், உருண்டை ஒரு நொடி கூடுதலாக நின்றால் சூட்டில் அங்கே படலம் போய்விடும். ஓரங்களைக் கையால் செய்வதே நல்லது. பிறகு ஒரு சீலன்ட், அதாவது அழுக்கும் ஈரமும் ஒட்டாமல் மேலே பூசும் பாதுகாப்புப் படலம். கார்னுபா என்ற பனை மெழுகு வாக்ஸ் பாடியில் அழகாக இருக்கும், பிரேக் சூட்டில் வீலில் நெடுநாள் தாங்காது. செயற்கை சீலன்ட் சில மாதம் நிற்கும். செராமிக் கோட்டிங் அதைவிடக் கூடுதலாக நிற்கும், ஆனால் வீலைக் கழற்றி உள்பக்கமும் போட்டால்தான் காசுக்குப் பலன்.

பவுடர் கோட்டிங் (பவுடராக அடித்துச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைத்த பூச்சு) பளபளப்பாக இருந்தால் இதே முறைதான். மேட் ஃபினிஷ் என்றால் பாலிஷே கூடாது. மேட்டைத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மின்னும், அதைத் திரும்ப மேட்டாக்க வழியில்லை. ஷாம்பூ போட்டுக் கழுவி மேட்டுக்கென்று விற்கும் சீலன்ட் அடித்தால் முடிந்தது.

இப்போது உங்கள் டைமண்ட் கட். இங்கேதான் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். அந்த வெள்ளைக் கோடு கிளியர் கோட்டின் மேல் இல்லை, அடியில் இருக்கிறது. லேத்தில் சீவிய அலுமினியத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே பிரைமரும் இல்லை, நிறமும் இல்லை. அந்த மெல்லிய கிளியர் மட்டுமே. சீவிய இடமும் கறுப்புப் பகுதியும் சேரும் விளிம்பு கூர்மையாக இருக்கும், அங்கே கிளியர் இன்னும் மெலிந்து நிற்கும். ஒரு கல் தெறித்தாலோ பிளாட்பாரத்தில் உரசினாலோ உப்பு ஈரம் உள்ளே நுழைகிறது. நுழைந்த இடத்திலிருந்து அரிப்பு நேராகக் கீழே போகாமல், கிளியரைத் தூக்கிக்கொண்டே பக்கவாட்டில் இழையிழையாக ஓடுகிறது. நீங்கள் பார்க்கும் புழுத்தடம் அதுதான். மேலே எந்த பாலிஷைப் போட்டாலும் அது கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே இருக்கும் அழுக்கைத் துடைப்பதுதான். யாராவது "பஃபிங் போட்டு எடுத்துடலாம்" என்றால், அவர் எடுக்கப்போவது கிளியரைத்தான். இரண்டு மாதம் அருமையாக இருக்கும், மழைக்காலம் வந்ததும் முகப்பு முழுக்கப் பூத்துவிடும்.

ஆக உங்களுக்கு மூன்று வழி. கோடு சிறியதாக, ஒரு வீலில் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அப்படியே விட்டு, கல் பட்ட ஓட்டைகளில் மட்டும் டச்-அப் கிளியரை மெல்லிய பிரஷால் வைத்து அடைத்து, சீலன்ட் போட்டு ஓட்டலாம். பரவும் வேகம் குறையும், நிற்காது.

இரண்டாவது, பழைய பூச்சை முழுவதும் நீக்கி, சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும்) லேத்தில் மறுபடி சீவி, கிளியர் அடிப்பது. செய்துவந்தால் புதிதுபோலவே இருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகிறது என்பதால் ஒரு வீலுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்யக்கூடாது. நீங்கள் வாங்கியது செகண்ட் ஹேண்ட். முன்னவர் எத்தனை முறை சீவினார் என்பது தெரியாது. சாதாரண லேத்தில் கண்மதிப்பாகச் சீவித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். வளைவான முகப்பின் வடிவத்தை அளந்து அதே வளைவில் சீவும் மெஷின் வேண்டும்.

மூன்றாவது, டைமண்ட் கட்டையே விட்டுவிட்டு முகப்பு முழுக்கப் பிரைமர், நிறம், கிளியர் என்று அடித்துவிடுவது. என்னைக் கேட்டால் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கார் நிற்கிறவர்களுக்கு இதுதான் சரி. பார்க்க அந்த இரண்டு நிற அழகு போய்விடும், வாஸ்தவம். ஆனால் தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ வாசலில் நிற்கும் வண்டிக்கு டைமண்ட் கட் என்பது எப்போதும் பராமரிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும் சமாச்சாரம். புதுக் கார் வாங்கும்போதே மேல் மாடலின் அந்த வீலுக்காக ஆசைப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

பவுடர் கோட்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால் சில விஷயங்களைப் பேசிவிட்டுக் கொடுங்கள். தொழிற்பேட்டைப் பக்கம் இந்த வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் கேட், ஜன்னல் கிரில் அடிக்கிறவர்கள். இரும்புக்குப் பழகிய கை. அலாயின் பழைய பூச்சை எடுக்கக் கரடு மணல் அடித்தால் முகப்பு குழிகுழியாகிவிடும். மணலுக்குப் பதில் நைஸான கண்ணாடி மணியோ, பூச்சைக் கரைக்கும் கெமிக்கல் ஸ்டிரிப்பரோ பயன்படுத்தச் சொல்லுங்கள். அரிப்பின் வெள்ளைத் தூள் துளிகூட மிச்சமில்லாமல் போகவேண்டும். அதன்மேல் பவுடர் அடித்தால் அது அடியில் இருந்துகொண்டே மறுபடி கிளம்பும். பவுடர் உருகிப் பிடிக்க அடுப்பில் 180 முதல் 200 டிகிரி சூடு வைப்பார்கள். அலாய் வீல் வார்த்தபிறகு சூட்டுப்பதம் கொடுத்து வலுவேற்றியது. அந்தச் சூட்டுக்கு மேல் ஏற்றுவதும், சரியில்லை என்று திரும்பத் திரும்ப அடுப்பில் வைப்பதும் அந்த வலுவைக் குறைத்துவிடும். விரிசல் இருக்கும் வீலை எந்தப் பூச்சாலும் மூடி மறைக்க வேண்டாம், அதை மாற்றத்தான் வேண்டும். முக்கியமாக, நட்டு உட்காரும் குழியிலும், வீல் ஹப்பில் (வீலைத் தாங்கும் நடுப்பகுதியில்) போய் ஒட்டும் பின்பக்கத்திலும் பவுடர் படாமல் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். அங்கே பூச்சு இருந்தால் முதலில் இறுக்கமாகத் தெரிந்தாலும் ஓட்ட ஓட்ட அந்தப் பூச்சு நசுங்கி நட்டு தளரும்.

நீங்கள் வாங்கிய மெட்டல் பாலிஷுக்கு உண்மையான வேலை வெறும் அலுமினியத்தில்தான். பழைய இறக்குமதி வீல்கள், மாடிஃபை செய்த ஜீப்புகள், சில பைக் ரிம்கள் இப்படி வரும். இது ஒன்றில்தான் பாலிஷ் போடுவதே தனி சந்தோஷம், உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. மங்கல் மட்டும் இருந்தால் நேராக பாலிஷ். கீறலும் அரிப்புக் குழியும் இருந்தால் முதலில் வாட்டர் பேப்பர்: 600-இல் ஆரம்பித்து 800, 1000, 1500, 2000 என்று ஏறவேண்டும், தண்ணீர் விட்டுக்கொண்டே. ஒவ்வொரு பேப்பரிலும் முந்தைய பேப்பரின் கோடு மறையும்வரை நிறுத்தக்கூடாது. ஒரு நம்பரை விட்டுத் தாவினால் கடைசியில் பளபளப்புக்குள் அந்தக் கோடு மட்டும் பல்லிளிக்கும். பேப்பர் மாற்றும்போது திசையையும் மாற்றித் தேய்த்தால் பழைய கோடு எங்கே மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும்.

பிறகு மெட்டல் பாலிஷ். ஒரு ஸ்போக்குக்கு ஒரு பயறளவு போதும். வட்டமாக அல்லாமல் நீளவாக்கில் தேயுங்கள். துணி கறுக்கக் கறுக்கத்தான் வேலை நடக்கிறது. காய்ந்துபோகுமுன் இன்னொரு சுத்தமான துணியால் எடுங்கள். எடுத்தபின்னும் கறுப்பாக ஒரு எண்ணெய்ப் படலம் இழுபடும், எத்தனை துணி மாற்றினாலும் போகாது. அதற்கு லாரிக்காரர்களிடம் ஒரு வழி உண்டு: ஒரு கை மைதா மாவைத் தூவி, பனியன் துணியால் துடைப்பது. மாவு அந்தக் கறுப்பை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் தெரியும் பளபளப்பு முகம் பார்க்கிற அளவுக்கு இருக்கும். கடலோரத்தில் இது நிலைப்பது சில வாரம்தான். மேலே சீலன்ட் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும். அடிக்கடி செய்ய நேரமில்லாதவர்கள் கிளியர் அடித்துவிடலாமா என்பார்கள். அடித்தால் அதுவும் டைமண்ட் கட்டின் கதைதான்.

அம்பாசடர் கப்புக்கு வருவோம். குரோம் முலாம் என்பது இரும்பின் மேல் நிக்கல், அதன்மேல் குரோம். பளபளப்பைத் தாங்குவது பெரும்பாலும் நிக்கல். மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஈரம் இறங்கி, அடியிலுள்ள இரும்பு துருவாக வெளியே பூக்கிறது. பழுப்புப் புள்ளி அதுதான். சமையலறை அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, புள்ளி மேல் லேசாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருது, கீறாது, துருவை எடுத்துவிடும். சாம்பல் நிறக் கூழாக வரும், துடைத்துக் கழுவிக் காயவிட்டு, மேலே குரோமுக்கென்று இருக்கும் பாலிஷைக் கொஞ்சமாகப் போடலாம். உங்களிடம் இருக்கும் டியூபில் குரோமுக்கும் ஆகும் என்று அச்சிட்டிருந்தால் அதையே பயன்படுத்தலாம், அழுத்தாமல். கடைசியில் வாக்ஸ், இங்கே வாக்ஸ் நன்றாகவே நிற்கும், நிற்கிற வண்டிதானே. கப்பின் உள்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், துரு அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும். முலாம் உரிந்து செதில் தூக்கியிருந்தால் பாலிஷால் ஒன்றும் ஆகாது, மறுபடி முலாம் பூசத்தான் கொடுக்க வேண்டும். அந்தச் செதிலின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

குரோம் மாதிரியே தெரிந்து குரோம் அல்லாதவை உண்டு. பி.வி.டி. என்று சொல்லும் பூச்சில் கண்ணாடிபோன்ற உலோகப் படலம் கிளியருக்கு அடியில் இருக்கும். அதைக் கிளியர் கோட்டாகவே நினைத்து நடத்துங்கள். பிளாஸ்டிக் மேல் குரோம் போட்ட கப் என்றால் ஷாம்பூ மட்டும். சாதாரண வெள்ளி நிறப் பிளாஸ்டிக் கப்பும் அப்படியே, பாலிஷ் போட்டால் அடுத்த துடைப்பில் பெயின்ட் துணியோடு வந்துவிடும். மங்கிவிட்டால் ஸ்பிரே கேனில் அடித்துக்கொள்வது மலிவு. அனோடைஸ் செய்த வீல் நம் பக்கம் அபூர்வம். கண்ணில் பட்டால் மெட்டல் பாலிஷ், ஆசிட், காஸ்டிக் எதுவும் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பில்லாத இரும்பு வீலில் துரு கண்டால் கம்பி பிரஷ், உப்புத்தாள், ரஸ்ட் பிரைமர், கறுப்பு பெயின்ட். அங்கே பாலிஷுக்கு வேலையில்லை.

எந்த வீலானாலும் அக்டோபரில் மழை பிடிக்குமுன் சீலன்ட் போட்டு முடித்துவிடுங்கள். அதன்பின் காயவைக்க வெயில் கிடைப்பது கஷ்டம். டயர் பாலிஷ் அடிக்கும் பையன் ஆர்வத்தில் டிஸ்க்கிலும் டயரின் ஓடுபரப்பிலும் அடித்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். வழுவழுப்பு பிரேக் பிடிக்கவிடாது. வீலைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்கிச் சரிபார்க்க வேண்டும். டயர் மாற்றவோ வீல் பேலன்ஸிங்குக்கோ போனால் விளிம்பில் அடித்துச் சொருகும் கிளிப் வெயிட் வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் வெயிட்தான் வேண்டும் என்று வண்டியை ஜாக்கியில் ஏற்றுமுன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் கிளிப் பிடித்த இடத்தில்தான் கிளியர் முதலில் உடையும். உங்கள் வெள்ளைக் கோடு விளிம்பிலிருந்து தொடங்கியிருந்தால், அந்த இடத்தில் பழைய கிளிப்பின் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.